மாணவர் பதிவுகள் சேரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பள்ளித் துறை ஒரு கோப்பு தரும். தேர்வு வாரியம் ஒன்று தரும். கல்லூரிப் பக்கமிருந்து மூன்றாவது வரும். மூன்றையும் கோத்து, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பதினைந்து வருடம் கழித்து எங்கே நிற்கிறது என்று காட்ட வேண்டும். கோத்துப் பார்த்தால் பாதிப் பிள்ளைகளைக் காணோம். உடனே கூட்டம் போடுவார்கள். புது மென்பொருள் வாங்கலாமா என்று பேச்சு கிளம்பும். கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் வந்த இந்த மாதிரிப் புகார்களில் பெரும்பாலானவை மென்பொருள் வரை போனதே இல்லை. கோப்பைத் திறந்த விதத்திலேயே வினை இருந்தது.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ, நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைச் சுடும் காரணம் கடைசியில். அதற்கு முன் ஒரே ஒரு வேலை: வந்த கோப்பை வந்தபடியே பிரதி எடுத்துத் தனியே பூட்டி வையுங்கள். அதில் எத்தனை வரிசைகள், எத்தனை வெவ்வேறு அடையாள எண்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனையும் இன்னொரு பிரதியில்தான். மூலக் கோப்பிலேயே கை வைத்துவிட்டு, "வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று சாதிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படிச் சாதித்தது நான்தான்.

## அறிகுறி: அடையாள எண் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனாலும் சேரவில்லை

எண்களின் நீளம் ஒரே மாதிரி இல்லையா? முன்னால் இருந்த பூஜ்யம் போயிருக்கும். 0045172 என்ற எண்ணை எக்செல் 45172 ஆக்கிவிடும். அடையாள எண் நெடுவரிசையின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஏழு இலக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் ஆறும் ஐந்தும் தென்பட்டால் இதுதான். இடப்பக்கம் பூஜ்யத்தால் நிரப்பினால் சரியாகிவிடும்.

எண்ணுக்கு நடுவில் ஆங்கில "ஈ" எழுத்து தெரிகிறதா? இது கொஞ்சம் விபரீதம். 12 இலக்க எண்ணை எக்செல் சாதாரண வடிவில் காட்டும்போது 1.23457, அப்புறம் அந்த ஈ, அப்புறம் +11 என்று சுருக்கிக் காட்டும். அதுவரை உள்ளே எண் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக) சேமித்தால் திரையில் தெரிவதுதான் எழுதப்படும். மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யம். இந்தக் கோப்பைத் திருத்த முயலாதீர்கள், திரும்பக் கேளுங்கள். கேட்கும்போது "அந்த நெடுவரிசையை உரையாக வைத்து அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

நீளம் சரி, ஆனால் ஒரு பகுதி மட்டும் இடிக்கிறதா? தற்காலிக எண்ணாக இருக்கலாம். இங்கிலாந்தின் பள்ளி மாணவர் எண் 13 எழுத்து கொண்டது. முதல் எழுத்து சரிபார்ப்புக்கானது. நிரந்தர எண் தெரியாத பிள்ளைக்குத் தற்காலிக எண் கொடுத்தால் அதன் கடைசி இடத்தில் இலக்கத்துக்குப் பதில் எழுத்து இருக்கும். உங்கள் பக்கத்திலும் இப்படி ஏதாவது குறி உண்டா என்று பாருங்கள். தற்காலிக எண்ணும் நிரந்தர எண்ணும் ஒரே பிள்ளையுடையவை என்று சொல்லும் அட்டவணை ஒன்று எங்காவது இருக்கும், பெரும்பாலும் யாரோ ஒரு எழுத்தரின் கணினியில்.

இரண்டு துறையும் வேறு வேறு எண் கொடுத்திருக்கிறதா? அப்படியானால் எண்ணை வைத்து ஆகாது. பெயர், பிறந்த தேதி வழியாகத்தான் போக வேண்டும். அடுத்த இரண்டு பகுதிகளும் உங்களுக்குத்தான்.

## அறிகுறி: பெயர் பொருந்துகிறது, பிறந்த தேதி இடிக்கிறது

இடிப்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கா? நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. 03/07 என்பதை ஒரு கணினி ஜூலை 3 என்றும் இன்னொன்று மார்ச் 7 என்றும் படிக்கும். நாள் 12க்குள் இருந்தால் மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 மாதத்தில் 12 நாள் வீதம் 144 தேதிகள். இதில் 1/1, 2/2 மாதிரியான 12 தேதிகள் மாறினாலும் அதேதான். மிச்சம் 132. வருடத்தில் 36 விழுக்காடு. மீதித் தேதிகள் மாற முடியாமல் வெறும் உரையாக நிற்கும். தேதி நெடுவரிசையில் சில கட்டங்கள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒதுங்கி நின்றால் வேறு சாட்சியே வேண்டாம்.

எல்லோருக்கும் சரியாக 4 வருடமும் 1 நாளும் வித்தியாசமா? இதை முதன்முதலில் பார்த்தபோது யாரோ வேண்டுமென்றே செய்தது என்றே நினைத்தேன். எக்செல் 1900இலிருந்து தேதியை எண்ணும். பழைய மேக் கணினிகளில் வந்த எக்செல் 1904இலிருந்து எண்ணும். ஒன்றிலிருந்து வெறும் எண்ணாக நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டினால் 1,462 நாள் இடைவெளி விழும். கூட்டியோ கழித்தோ விட்டால் தீர்ந்தது.

ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள் மலைபோலக் குவிந்திருக்கிறார்களா? தேதி தெரியாதபோது போட்டு வைத்தது. அதைத் தேதியாக நம்பிப் பொருத்தாதீர்கள். வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1, ஜூலை 1 போன்றவற்றையும் எண்ணிப் பாருங்கள். வயது வரம்புக்காகப் பள்ளியில் சேர்க்கும்போது "சரி செய்த" தேதிகளும் இப்படித்தான் ஒரே இடத்தில் குவியும்.

## அறிகுறி: தேதி பொருந்துகிறது, பெயர் பொருந்தவில்லை

நேரம் அதிகம் போகும் இடம் இது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில், கண்ணுக்குத் தெரியாத குப்பை. பெயருக்கு முன்னும் பின்னும் இடைவெளி, இரட்டை இடைவெளி, தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியதால் வந்த அகலமில்லாத குறிகள். இதைத் துடைத்தாலே ஒரு பங்கு சேர்ந்துவிடும்.

அடுத்து, தமிழில் எழுதிய பெயர்கள். "பொன்னி" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நீளத்தைக் கேட்டால் ஒன்று 6 என்னும், மற்றது 7 என்னும். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். யூனிகோட் நார்மலைசேஷன் என்று பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரு செயல்பாடு உண்டு. இரண்டு கோப்பையும் அதன் வழியே ஓட்டினால் ஒன்றாகிவிடும்.

அதுவும் தீர்க்காத ஒன்று இருக்கிறது. கௌதம், கௌரி, சௌந்தர்யா போன்ற பெயர்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் "ள" எழுத்தையும் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் இது எழுத்துப்பிழை, நார்மலைசேஷன் தொடாது. நீங்களே மாற்றி எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் "வெளி" என்று வரும் இடமெல்லாம் கெட்டுவிடும். ஆகவே அந்த "ள"வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடுங்கள். மிச்சத்தை ஒருமுறை கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.

அதற்கடுத்து, கட்டம் மாறிய பெயர்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த படிவம் குடும்பப்பெயரே இல்லாதவரிடம் வந்தால் என்ன ஆகும்? ஒரு துறை தலைப்பெழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடும். இன்னொன்று அப்பாவின் முழுப்பெயரைப் போடும். மூன்றாவது ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை இது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குப் பின்பாதி என்பது தந்தை அல்லது தாய் பெயரை ஒட்டி வருவது. அண்ணனுக்கும் தங்கைக்கும்கூட அது ஒன்றாக இராது. ஸ்பானியப் பெயர்களில் குடும்பப்பெயர் இரண்டு. இந்தோனேசியாவில் பலருக்கு ஒற்றைப் பெயரோடு முடிந்துவிடும். வழி: இரண்டு கட்டத்தையும் ஒட்டி, சொற்களாகப் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி, ஓரெழுத்துச் சொற்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒதுக்கிய தலைப்பெழுத்தை எறிந்துவிட வேண்டாம். ஒரே பெயர், ஒரே தேதி என்று இருவர் வந்து நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

கடைசியாக, ஆங்கில எழுத்துக்கூட்டல். கௌதம் ஒரு கோப்பில் ஜி-யில் தொடங்குவார், இன்னொன்றில் கே-யில். ஒலியை வைத்துப் பொருத்தலாம் என்று சவுண்டெக்ஸ் முறையை எடுத்துக்கொண்டு வருவார்கள். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. ஆங்கிலக் காதுக்குச் செய்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் என்பதால் ஜி கௌதமும் கே கௌதமும் ஒருநாளும் சந்திக்க மாட்டார்கள். ழகரம் இன்னும் மோசம். உங்கள் பெயர்களுக்கு ஏற்ற மாற்று அட்டவணையை நீங்களே கட்டுவதுதான் நல்லது: ஜி-யும் கே-யும் ஒன்று, டி-யும் டி-எச்-சும் ஒன்று, இரட்டை உயிரும் ஒற்றை உயிரும் ஒன்று என்று ஒரு இருபது முப்பது விதி. ஒரு நாள் வேலை.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? இவ்வளவும் செய்த பிறகு, சேர்ந்தவற்றில் நூறு ஜோடியும் சேராதவற்றில் நூறு பேரும் குலுக்கல் முறையில் எடுத்துக் கையால் சரிபாருங்கள். சேராத நூறில் பலருக்குக் கண்ணால் பார்த்தே ஜோடி தெரிகிறது, ஆனால் விதியாக எழுத வரவில்லை என்றால் நிகழ்தகவு முறைக்குப் போகும் நேரம்: இரண்டு பதிவும் ஒரே ஆளுடையதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் முறை அது. ஃபெலகி, சன்டர் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1969இல் வகுத்த அடிப்படைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் நீதித் துறை வெளியிட்ட ஸ்ப்ளிங்க் என்ற இலவசக் கருவி அதைத்தான் செய்கிறது. கருவி இலவசம், அதை ஓட்டத் தெரிந்த புள்ளியியலாளர் இலவசம் அல்ல. அவருக்கான காசை மென்பொருள் உரிமத்தில் போடாதீர்கள்.

## அறிகுறி: ஒருவரே இருவராக வருகிறார், அல்லது இருவர் ஒருவராகிவிட்டார்

இரட்டைப் பதிவு வந்தால் எல்லோரும் பதறுவார்கள். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பயம். இரட்டைப் பதிவு எண்ணிக்கையில் துருத்திக்கொண்டு தெரியும். தவறாக ஒட்டிய இருவர் தெரியவே மாட்டார்கள்.

ஒரு முறை ஒரு மாணவி ஒரே தேர்வை ஒரே நாளில் இரண்டு முறை எழுதியிருந்தாள்: ஒன்றில் 81, மற்றதில் 54. தேர்வு வாரியத்தின் தவறு என்று முடிவு கட்டிக் கடிதம்கூடத் தயாராகிவிட்டது. பிறந்த தேதி ஒன்று, அப்பா பெயர் ஒன்று, முகவரி ஒன்று, பள்ளி ஒன்று. பெயர் ஓரிடத்தில் திவ்யா, இன்னோரிடத்தில் வித்யா. எழுத்து அளவில் ரொம்பவும் நெருக்கம் என்று எங்கள் நிரல் ஒட்டிவிட்டது. இரட்டைப் பிள்ளைகள். மூன்று வருட அறிக்கைகளில் அந்த வீட்டில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள்.

சோதனை எளிது. சேர்ந்த பதிவுகளில் நடக்க முடியாதவற்றைத் தேடுங்கள்: ஒரே நாளில் இரண்டு பள்ளியில் வருகை, ஒரே தேர்வில் இரண்டு மதிப்பெண், ஒரே வருடம் மூன்று வகுப்பு தாண்டியவர், ஐந்தாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு இறங்கியவர். தேதியும் முகவரியும் ஒன்றாக இருந்து பெயர் மட்டும் கொஞ்சம் மாறினால் தானாக ஒட்டவே கூடாது. மனிதர் பார்க்கும் பட்டியலுக்குப் போக வேண்டும். ஒட்டியதைப் பிரிக்கவும் வழி வைத்திருங்கள்: எது எதனோடு எந்த விதியால் எந்த நாளில் ஒட்டியது என்ற பதிவு இல்லாவிட்டால், ஒரு பிழையைத் திருத்த மொத்தத்தையும் மறுபடி ஓட்ட வேண்டிவரும்.

## அறிகுறி: இடைநிற்றல் திடீரென ஏறிவிட்டது

பத்திரிகைச் செய்தி ஆவதற்கு முன் பிடிக்க வேண்டிய அறிகுறி.

கோப்பு எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? சேர்க்கை முடியாத வாரத்தில் எடுத்திருந்தால், பழைய பள்ளி நீக்கிய, புதுப் பள்ளி இன்னும் ஏற்றாத எல்லோரும் "நின்றவர்கள்" ஆகிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். செலவு: ஒரு மின்னஞ்சல்.

உங்கள் கோப்பில் யார் இல்லவே இல்லை? தனியார் கல்லூரிகள், தொழிற்பயிற்சி, அஞ்சல்வழிப் படிப்பு, எல்லைக்கு வெளியே போனவர்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் பதிவேட்டுக்கு அடுத்த மாநிலக் கல்லூரி தெரியாது. அதற்காகவே 1993இல் தொடங்கிய தேசிய மாணவர் தகவல் மையத்தை நாடுகிறார்கள். வேலைக்குப் போனவர்களைக் கூலிப் பதிவேட்டில் தேடினாலும் இதே கதை: அங்கே வேலையிழப்புக் காப்பீட்டுக்கான பதிவேட்டில் சுயதொழில் செய்பவர், ராணுவத்தில் இருப்பவர், மத்திய அரசு ஊழியர் இருப்பதில்லை. கடை வைத்துப் பிழைப்பவர் அந்த அறிக்கையில் வேலையில்லாதவர்.

காணாமல் போனவர்களில் யார் அதிகம்? பெண்களா, அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளைகளா என்று பிரித்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பின் பெயரோ தலைப்பெழுத்தோ மாறியவர்கள், ஒவ்வொரு பள்ளியிலும் புதுசாகப் பெயர் பதிந்தவர்கள் என்று ஒரு கூட்டமே பொருத்தத்தில் விழுந்திருக்கும். சேராதவர்கள் எல்லாக் கூட்டத்திலும் சமமாகப் பரவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதிய அறிக்கை, யாரைப் பற்றி நன்றாகத் தெரிய வேண்டுமோ அவர்களைப் பற்றித்தான் அதிகம் தவறாகச் சொல்லும்.

இன்னும் புரியவில்லையா? காணாமல் போன ஐம்பது பேரைக் குலுக்கி எடுத்து, கடைசியாகப் படித்த பள்ளிக்குத் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். பள்ளிப் பதிவேட்டைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர் மூலமாகத்தான். நீங்கள் நேராகக் கூப்பிடக் கூடாது. "அவன் பக்கத்து ஊர் பாலிடெக்னிக்கில் படிக்கிறானே" என்று இருபது பதில் வந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் இன்றே மாற்றுங்கள். நிலை என்ற நெடுவரிசையில் "தொடர்கிறார்", "நின்றுவிட்டார்" என்று இரண்டு மட்டும் இருந்தால் மூன்றாவதாகத் "தெரியவில்லை" சேருங்கள். நின்றுவிட்டார் என்று எழுத ஒரு சான்று வேண்டும்: மாற்றுச் சான்றிதழ், பள்ளியின் குறிப்பு, ஏதாவது ஒன்று. பதிவு சேராதது சான்று ஆகாது. அறிக்கையில் "தெரியவில்லை" பெரிதாகத் தெரிவது மேலிடத்துக்குப் பிடிக்காது. பிடிக்காமலே இருக்கட்டும்.

## அறிகுறி: இரண்டு துறையும் ஒரே கேள்விக்கு இரண்டு எண் சொல்கின்றன

அநேகமாக இரண்டும் சரி. ஒன்று குறிப்பிட்ட ஒரு நாளில் இருந்தவர்களை எண்ணும், மற்றது வருடம் முழுக்க வந்து போனவர்களை எண்ணும். துணைத்தேர்வில் தேறியவர் ஒன்றில் "தேர்ச்சி", மற்றதில் இல்லை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், எந்த நாள் நிலவரம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு துறையும் கையெழுத்திடட்டும்.

## அறிகுறி: போன மாதம் வந்த எண் இன்று வரவில்லை

இன்னும் மாறிக்கொண்டே இருக்கும் தரவுத்தளத்தில் ஓட்டுகிறீர்கள். யாரோ பழைய பதிவைத் திருத்தியிருக்கிறார்கள். அறிக்கைக்கு எடுத்த நாளின் நகலை உறைய வைத்து, அதில் மட்டும் ஓட்டுங்கள்.

## அறிகுறி: மறுபக்கம் தரவே மாட்டேன் என்கிறது

யார் மறுக்கிறார்? பாதி நேரம் சட்டம் மறுக்காது, கேட்ட விதம் மறுக்கும். "எல்லா விவரமும் அனுப்புங்கள்" என்று கேட்டிருப்பீர்கள். எந்தக் கேள்விக்கு, எந்த நெடுவரிசை, யார் பார்ப்பார், எப்போது அழிப்பீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். சாதி, வருமானம், உடல்நலம் தேவையில்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுகள் சட்டம், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்கும் மதிப்பீட்டுக்கும் தரவு தர வழி வைத்திருக்கிறது; அந்த இரண்டு வழிக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, ஆறு சட்ட அடிப்படைகளில் ஒன்றையாவது காட்டச் சொல்கிறது. ஒப்புதல் அதில் ஒன்றுதான். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தையாகவே பார்க்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்பது நீங்களும் நானும் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. ஒப்பந்தத்தில் ஒரு வரிக்கு மேல் சண்டை வந்தாலே தரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

பெயரைத் தர மாட்டோம், ஹாஷ் செய்து (ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே சங்கேதச் சரம் வரும்படி மாற்றி) தருகிறோம் என்கிறார்களா? நல்ல யோசனைதான், இரண்டு எச்சரிக்கையோடு. மேலே சொன்ன துடைப்பு வேலையெல்லாம் ஹாஷுக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். ஒரே ஒரு இடைவெளி கூடினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும், பிறகு எந்த விதியும் அதை மீட்காது. இன்னொன்று, 12 இலக்க எண்ணை ரகசியச் சாவி சேர்க்காமல் ஹாஷ் செய்தால், இருக்கக்கூடிய எல்லா எண்களையும் ஓட்டிப் பார்த்தே பூட்டை உடைத்துவிடலாம்.

பெற்றோர் எதிர்க்கிறார்களா? இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு கிடையாது. அமெரிக்காவில் இன்ப்ளூம் என்ற மாணவர் தரவு அமைப்பு பெரும் நிதியுதவியோடு 2013இல் வந்தது. பெற்றோர் எதிர்ப்பால் மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலக, 2014இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. மென்பொருள் வேலை செய்ததா என்பது அங்கே கேள்வியாகவே இல்லை.

## அறிகுறி: பெயரை நீக்கிவிட்டோம், ஆனாலும் யார் என்று தெரிகிறது

வெளியிடும் அட்டவணையில் சின்ன எண்களைப் பாருங்கள். ஒரு பள்ளியில், ஒரு வகுப்பில், ஒரு பிரிவில் இரண்டே பேர், இருவரும் தோல்வி என்றால், பெயர் எதற்கு? ஊருக்கே தெரியும். பத்துக்குக் குறைவான எண்களை மறைப்பது பல இடங்களில் வழக்கம்; ஐந்து என்று வைப்பவர்களும் உண்டு.

மறைத்தாயிற்று, அப்புறமும் தெரிகிறதா? அப்படியானால் கழித்தல்தான் காட்டிக்கொடுக்கிறது. மொத்தம் 40, ஆண்கள் 37, பெண்கள் கட்டத்தில் உடுக்குறி போட்டிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். ஒன்றை மறைத்தால் அதே வரிசையில் இன்னொன்றையும் மறைக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தத்தையே தோராயமாக்க வேண்டும். போன வருட அட்டவணையைப் பக்கத்தில் வைத்தும் கழித்துப் பாருங்கள்.

அட்டவணை இல்லாமல், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரிசை என்று கோப்பாகவே ஆய்வாளர்களுக்குத் தருகிறீர்கள் என்றால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லதான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டார். உங்கள் கோப்பில் இந்த மூன்றும் இருந்து, கூடவே பள்ளியின் பெயரும் இருக்கும். தரவு வெளியீட்டில் பழகிய புள்ளியியலாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடும் வரை அந்தக் கோப்பு உங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டாம்.